நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது மருமகள்

அஸேத்தா தப்சோபாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. வாகடூகுவில், தொலைக்காட்சி நிலையத்தின் இரண்டாவது கூடத்தில், விளக்குகளுக்கு நடுவே போட்டிருக்கும் நீல மெத்தை வைத்த நாற்காலி அது. அதில் உட்காருகிறவர்தான் 'வெள்ளிக்கிழமை விருந்தாளி' நிகழ்ச்சியை நடத்துகிறவர். பதினேழு வருஷம் அலைந்து அதைப் பிடித்தாள். மூன்று வருஷம் அதில் உட்கார்ந்தாள். பிறகு ஒரே ஒரு வெள்ளிக்கிழமையில், தன் வாயாலேயே, அதைத் தொலைக்கப் பார்த்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதே வாய் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளவும் செய்யும் என்பதற்கு எங்கள் தம்புய் பேட்டையில் இவளைத்தான் காட்டுவோம்.

அவளுக்கு நடிப்பு வந்தது சாவு வீட்டில். எங்கள் மொஸ்ஸி ஜனங்களில் பெரியவர் ஒருவர் போய்விட்டால், அந்த வீட்டு மருமகள்களில் ஒருத்தி அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் தடியை ஊன்றிக்கொண்டு, அவராகவே முற்றத்தில் நடந்து வர வேண்டும். அவர் பேசியபடி பேச வேண்டும், திட்டியபடி திட்ட வேண்டும். பிள்ளைகள் அவளை 'அப்பா' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்; அவள் பதில் சொல்ல வேண்டும். அழுத கண்ணோடு கொஞ்சம் சிரிக்கத்தான் இந்த ஏற்பாடு.

அஸேத்தாவின் மாமனார் போனபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. மூத்த மருமகள் கூச்சப்பட்டு அறைக்குள் போய்விட்டாள். இரண்டாமவள் நிறைமாதக்காரி. மூன்றாமவளான இவள், பேருந்து நிலையத்தில் காராமணி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தவள், "கொடுங்க சட்டையை" என்றாள்.

மாமனாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாயும்போது கோழிகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் வீடே திருட்டு வீடு. அஸேத்தா தடியை ஊன்றிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் இல்லாத கோழிகளை எண்ண ஆரம்பித்தாள்.

"பதினொண்ணு... பன்னெண்டு... எங்கேடா பதிமூணு? டேய் சலிஃபு! உன் பொண்டாட்டி வாயில இறகு ஒட்டியிருக்கா பாரு! வடைக்காரியைக் கட்டாதேன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?"

சலிஃபின் பொண்டாட்டி அவளேதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமியார் சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தக் கூட்டத்தில் தாசெரே என்கிற நாடகக்காரரும் இருந்தார். ஒரு பழைய லாரியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், தடுப்பூசிக்கும் கிணற்றுச் சுத்தத்துக்கும் நாடகம் போடுகிறவர். மறுநாளே வந்துவிட்டார்.

"ஏம்மா, செத்தவரையே எழுப்பி உட்கார வச்சுட்டே. உயிரோட இருக்கிறவங்களையும் கொஞ்சம் எழுப்ப வர்றியா?"

மொபெட் பழுது பார்க்கும் சலிஃப் கையில் எண்ணெயோடு நின்று யோசித்தான். "போயிட்டு வா. ஆனா ஊர்ல எங்கேயும் என்னை மாதிரி நடிச்சுக் காட்டாதே. நான் இன்னும் சாகல."

ஆறு வருஷம் லாரியில் போனாள். யாக்கோ பக்கத்தில் ஒரு ஊரில் கொடுமைக்காரச் சித்தியாக நடித்து, பார்க்க வந்த கூட்டத்திடம் மாங்கொட்டையால் அடி வாங்கினாள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பிறகு தொலைக்காட்சித் தொடரில் வேலைக்காரி வேஷம் கிடைத்தது. கையில் ஒரு தட்டு, அதில் இரண்டு தம்ளர். எஜமானியம்மா ரகசியம் பேசும்போதெல்லாம் தட்டோடு உள்ளே நுழைந்து, ஒட்டுக் கேட்டு, கண்ணை உருட்டிவிட்டு வெளியே போக வேண்டும். பதினோரு வருஷம் அதே தட்டு! தெருவில் நடந்தால் பிள்ளைகள் 'தண்ணி கொண்டா!' என்று கத்தும். அவளும் கண்ணை உருட்டிக் காட்டிவிட்டுப் போவாள். ஆனால் உள்ளுக்குள் வேகும். பக்கத்துக் கூடத்தில் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் அந்த நீல நாற்காலி தெரியும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் இயக்குநர் எவரிஸ்த் கஃபான்டோவின் அறைக்குப் போய் நிற்பாள்.

"இந்த வருஷமாவது விருந்தாளி நிகழ்ச்சியை என்கிட்ட கொடுங்க டைரக்டர்."

"அக்கா, உங்க முகத்தைப் பார்த்தாலே ஜனங்க சிரிக்கிறாங்க. பேட்டி எடுக்கிறவங்களைப் பார்த்தா ஒரு மரியாதை வரணும். பிரெஞ்சும் வேணும்."

"மரியாதை வந்தா மனுஷன் பொய்தான் பேசுவான். சிரிச்சாத்தான் உண்மை வாயை விட்டு வரும்."

"அடுத்த வருஷம் பார்ப்போம் அக்கா."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் கஃபான்டோ அம்மியை விடக் கனம். பதினோரு ஜனவரிகளில் ஒரு அங்குலம் நகரவில்லை. நகர்த்தியது மலேரியா. ஒரு வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி நடத்துகிறவருக்குக் குளிர் கண்டு பல் கிட்டிவிட்டது. நேரடி ஒளிபரப்பு. விருந்தாளியாக ஒரு பெரிய சிமென்ட் வியாபாரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கஃபான்டோ தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். சிவப்பு விளக்கு எரிந்தது. அஸேத்தா தட்டோடு உள்ளே போனாள். வியாபாரிக்குத் தண்ணீர் கொடுத்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். நீல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? பெரியவங்க? பிள்ளைங்க? மாடு கன்னு? அந்தக் கடன்காரன் இன்னும் வர்றானா?"

வியாபாரி தயார் செய்து வந்த பிரெஞ்சு அவருக்கே மறந்து போயிற்று. எங்கள் மோரே மொழியில் சிரித்துப் பேசி, சின்ன வயதில் அம்மா விற்க வைத்திருந்த அவரைக்காயைத் திருடித் தின்று வயிறு வீங்கிய கதை வரைக்கும் வந்துவிட்டார். திங்கட்கிழமை சந்தையில் வேறு பேச்சே இல்லை. அப்புறம் அவளை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இனி அவள் செய்த தப்புக்கு வருகிறேன்.

நிலையத்துக்கு அறுபது வயது ஆன விழா, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியிலேயே. அது வானொலியாக இருந்த காலத்தில் முப்பது வருஷம் மோரே மொழியில் செய்தி வாசித்தவர் நொராகோ ஸுங்ரானா. அவர் குரலைக் கேட்டுத்தான் நாடே அடுப்பை மூட்டும் என்பார்கள். மோசமான செய்தி வந்தால், வாசிப்பதற்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குவார். ஒலிவாங்கியில் அந்தச் சத்தம் கேட்கும். 'மடக்' என்றால் போதும், கிராமங்களில் பெண்கள் உலக்கையைக் கீழே வைத்துவிடுவார்கள். இப்போது எழுபத்தெட்டு வயது. விழாவுக்குக் கூப்பிட்டார்கள், முழங்கால் வலி, வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

சாமான் அறையில் அவருடைய பழைய கைத்தறித் தொப்பி கிடந்தது. நீலமும் வெள்ளையும் கோடு போட்டது. அதன் பக்கத்தில் ஒரு காது உடைந்த மூக்குக் கண்ணாடி. அஸேத்தா இரண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள், ஒரு பெரிய அங்கியும் மாட்டிக்கொண்டாள், விருந்தாளி வராத நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைத் தட்டி அடுக்கினாள், 'மடக்' என்று விழுங்கினாள், செய்தி வாசித்தாள். அச்சு அசல் அவரேதான். கூடத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில், பெரியவர் நலமாக இருக்கிறார், முழங்கால்தான் வலி என்று சொல்லத்தான் இருந்தாள். அதற்குள் நேரம் முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள் என்று சொல்ல மாட்டேன். இந்த ஆழம் அவளுக்கு நன்றாகவே தெரியும். தொலைக்காட்சியில் கால் நனையாது என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஒரு கல்யாணமான பெண் ஒரு கிழவரின் சொந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் குரலில் பேசினால், எங்கள் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சனிக்கிழமை விடிந்தபோது நொராகோ வீட்டு வாசலில் முதல் சைக்கிள் வந்து நின்றது. ஒரு பெண் தலையில் கம்பு மூட்டையோடு இறங்கி, ஒப்பாரி வைத்துக்கொண்டே கதவைத் தட்டினாள். பல் குச்சியை மென்றுகொண்டு கிழவரே வந்து கதவைத் திறந்தார். ஒப்பாரி பாதியில் நின்றது. மூட்டை விழுந்தது. சைக்கிளையும் விட்டுவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தை அந்தத் தெரு இன்னும் பேசுகிறது.

மத்தியானத்துக்குள் வாசலில் பதினெட்டு கோழி, நாலு ஆடு, ஏழு மூட்டை கம்பு. துக்கத்துக்குக் கொண்டுவந்த ஆட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் சாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போவதாக நம்பிக்கை. அதனால் செத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் எல்லாரும் ஆட்டைக் கட்டிவிட்டுத்தான் போனார்கள். கிழவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

கஃபான்டோ கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் குத்தினார்.

"நாடு முழுக்க நம்மைப் பார்த்துச் சிரிக்குது அக்கா!"

"சிரிக்க வைக்கத்தானே என்னை வச்சிருக்கீங்க."

"இப்படியா? அவர் நேர்ல வந்து, கேமரா முன்னால, நான் உயிரோட இருக்கேன், இவளை மன்னிச்சுட்டேன்னு தன் வாயால சொல்லணும். வர்ற வெள்ளிக்கிழமைதான் கெடு. இல்லன்னா நாற்காலி கரீனுக்கு."

கரீன் வானிலை வாசிக்கிற பெண். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். பிரெஞ்சு பேசினால் குழாயைத் திறந்துவிட்டது மாதிரி வரும்.

"வெள்ளிக்கிழமை அவர் வருவார்" என்றாள் அஸேத்தா.

"எப்படி? கதவையே திறக்க மாட்டேங்கிறாராமே."

"அது என் பாடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கொண்டுபோகிற கோலாக் கொட்டை வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் மண்டியிட்டு, கை தட்டி வணக்கம் சொன்னாள். கிழவருக்குச் சமைத்துப் போடும் தம்பி மகள் தெனே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"போயிடுங்க அக்கா. பெரியப்பா உங்க பேரைச் சொன்னாலே தட்டைத் தள்ளிடுறார்."

"சரி. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்னு சொல்லு."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு வருஷம் ஒரு தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னவம்மா நான்."

வேப்ப மர நிழலில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார முடியவில்லை. துக்கக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூரத்து ஊர்களுக்குச் செய்தி மெதுவாகத்தான் போகிறது; திருத்தம் அதைவிட மெதுவாகப் போகிறது. ஒவ்வொருவரையும் வழிமறித்து அவளே சொல்ல வேண்டியிருந்தது. யாக்கோவிலிருந்து ஒரு மூன்று சக்கர வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"அப்போ செத்தது யாரு?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர்.

"யாரும் சாகல பெரியப்பா. நான் செஞ்ச தப்பு."

"யாரும் சாகலையா? விடியறதுக்கு முன்னால கிளம்பி வந்திருக்கோமே! வண்டி ரெண்டு இடத்துல பஞ்சர்!"

"மன்னிச்சுக்கோங்க."

"என்னத்த மன்னிக்கிறது. சாகாதவனுக்கு ஒரு ஆடு! கட்டு, அந்த மரத்துல கட்டு."

பின்னாலேயே சாமோ இனத்துக் கிழவர் ஒருவர் சிரித்த முகமாக வந்தார். சாமோக்காரர்களுக்கும் எங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. சாவு வீட்டில்கூட அவர்கள் திட்டுவார்கள், நாங்கள் கோபப்படக் கூடாது.

"மொஸ்ஸி ஒருத்தன் குறைஞ்சான்னு சந்தோஷமா வந்தேன்" என்றார் அவர். "அதையும் கெடுத்துட்டியே, பாவி!"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உடனே இருமலாக மாறியது. அஸேத்தா காதைத் தீட்டிக்கொண்டாள். கிழவர் கதவுக்குப் பின்னாலேயேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்!

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தெனே சாயங்காலங்களில் வெளியே வந்து உட்கார்ந்து வீட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தாள். கிழவருக்கு மூன்று மகன்கள். ஒருவன் அபிஜானில், ஒருவன் இத்தாலியில், ஒருவன் எங்கே என்றே தெரியாது. மருமகள்கள் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. மனைவி குயில்கா போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவள் விடியற்காலையில் செத்தாள். அவர் ஏழு மணிச் செய்திக்கு நிலையத்துக்குப் போய், ஒரு வார்த்தை தடுக்காமல் முழுச் செய்தியையும் வாசித்துவிட்டு, அப்புறம்தான் புதைக்க வந்தார். பேட்டையில் அவரைக் கல் என்றார்கள். அவரும் அதற்கு ஒரு பதிலும் சொன்னதில்லை.

புதன்கிழமை மத்தியானம் தாழ்ப்பாள் நகர்ந்தது. நொராகோ தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். அஸேத்தா மண்டியிட்டாள்.

"எந்திரி. உன் நாடகத்தை விடு" என்றார். வானொலியில் கேட்ட அதே குரல், கொஞ்சம் மணல் விழுந்திருந்தது. "நாலு நாளா என் சாவுக்கு யார் யார் வந்தாங்கன்னு கதவிடுக்குல பார்த்துக்கிட்டிருக்கேன். யாக்கோக்காரன் வந்தான். அந்தச் சாமோ திருடன் வந்தான். பேர் தெரியாதவங்க எல்லாம் கோழி கொண்டுவந்தாங்க. உங்க நிலையத்துலேருந்து யார் வந்தா?"

அவரே பதிலும் சொன்னார்.

"முப்பது வருஷம். ஒரு ஆள் வரல. செத்தேனா இருக்கேனான்னு பார்க்கக்கூட வரல."

"நான் வந்திருக்கேன் ஐயா."

"நீ நாற்காலிக்காக வந்திருக்கே."

"ஆமா" என்றாள் அஸேத்தா. "நாற்காலிக்காகத்தான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை நீங்க வரலன்னா அது போயிடும். அது போனா என்கிட்ட மிஞ்சுறது தட்டுதான். நான் மறுபடி தட்டைத் தூக்க மாட்டேன்."

அந்தப் பதில் கிழவருக்குப் பிடித்திருக்க வேண்டும். தடியால் ஒரு ஆட்டைத் தள்ளிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் மருமகளுங்க இருக்காங்க. யாருக்கும் என் குரல் தெரியாது. நான் போனா என் சட்டையை யார் போட்டுக்குவா? ஒருத்தரும் இல்லாம அனாதையா மண்ணுக்குள்ள போகப்போறேன்னுதான் நினைச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை டிவியில நீ என் தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்தே. எனக்குக் கோபம் வந்துச்சு. ஏன் தெரியுமா? பாதியில விட்டுட்டே."

"பாதியிலயா?"

"தண்ணி குடிச்சே, காகிதத்தைத் தட்டினே, போயிட்டே. அவ்வளவுதானா நான்? சாவு வீட்டுல நல்லதை மட்டும் காட்டிட்டு எழுந்தா அது சாவு இல்ல, சோப்பு விளம்பரம். நான் வர்றேன். உன் எதிர்ல உட்கார்றேன். நீ முழுசா செய். எல்லாத்தையும் செய்."

"எல்லாம்னா..."

"தெனே வாய் சும்மா இருந்திருக்காது. உனக்குத் தெரியும்."

அஸேத்தா வந்து சொன்னபோது கஃபான்டோ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "டிவியில சாவுச் சடங்கா? முடியவே முடியாது! அவர் வரட்டும், உயிரோட இருக்கேன்னு சொல்லட்டும், ஒரு பாட்டு, முடிஞ்சுது. தொப்பியைத் தொட்டீங்கன்னா ஒளிபரப்பையே நிறுத்திடுவேன். அப்புறம் கரீன்தான். புரியுதா?"

"புரியுது" என்றாள். ஒத்துக்கொள்ளவில்லை. புரிகிறது என்று மட்டும்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நொராகோ வெள்ளை அங்கியும், அஸேத்தா கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பழைய கோடு போட்ட தொப்பியுமாக வந்து விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஃபான்டோ. அவர் பக்கத்தில், பாவம், பவுடர் போட்டுத் தயாராகக் கரீன். சிவப்பு விளக்கு எரிந்தது. கிழவர் நேராகக் கேமராவைப் பார்த்து, "நான் நொராகோ. இருக்கேன். கோழி கொண்டுவந்தவங்களுக்கு நன்றி" என்றார். கூடம் சிரித்தது. கஃபான்டோ பெருமூச்சு விட்டார்.

கிழவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

அஸேத்தா கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கஃபான்டோவைப் பார்த்தாள். இந்தத் தொப்பியைத் தொட்டால் பதினேழு வருஷமும் மூன்று வருஷமும் போய்விடும். தொடாமல் உட்கார்ந்தால் நாற்காலி மிஞ்சும். ஆனால் அப்புறம் அதில் உட்கார்ந்து யார் முகத்தைப் பார்த்து உண்மையைக் கேட்பது? கோபம்தான் வந்தது அவளுக்கு, கஃபான்டோ மேல், தன் மேலும். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், மடியில் வைத்திருந்த காது உடைந்த கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள்.

முதலில் சிரிக்க வைத்தாள். நொராகோ சம்பள நாளில் நடக்கிற நடை, மற்ற நாளில் நடக்கிற நடை. ஒலிவாங்கி அணைந்துவிட்டது என்று நினைத்து மந்திரியைத் திட்டிய அன்றைக்கு அவர் முகம். கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்; அதைப் பார்த்துக் கஃபான்டோ கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவள் உட்கார்ந்து காகிதத்தை அடுக்கினாள்.

"காலை மணி ஏழு. செய்திகள். பருத்தி விலை இந்த வாரம் உயர்ந்தது. வடக்கே மழை நல்லபடியாகப் பெய்தது. பாலம் திறக்கப்பட்டது..."

நல்ல செய்தியாகவே வாசித்துக்கொண்டு போனாள். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஆனால் காகிதத்தைப் பிடித்த கை மட்டும் ஆடியது, ஆட ஆட வாசித்தாள். வயசானவர்களுக்கு அது எந்த நாள் என்று புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கஃபான்டோ நிறுத்துவதற்குக் கையைத் தூக்கினார்.

அப்போது நொராகோ பேசினார். சாவு வீட்டில் கேட்பது போல, அவளை அவராகவே வைத்துக் கேட்டார்.

"நொராகோ! அன்னிக்கு ஏன்டா அழல?"

தூக்கிய கை அப்படியே நின்றது. கஃபான்டோவும் மொஸ்ஸிதான், சாவுக் கேள்வியைப் பதில் வருவதற்கு முன்னால் வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. அஸேத்தாவுக்கோ பதில் தெரியாது. தெனே சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவர் குரலிலேயே சொன்னாள்.

"காகிதத்துல அவ பேர் இல்ல. காகிதத்துல இல்லாததை நான் எப்பவும் வாசிச்சதில்ல."

கிழவர் இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ வாசி" என்றார்.

அவள் காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைப் பார்த்து வாசித்தாள். "இன்று விடியற்காலையில், தன் வீட்டில், குயில்கா காலமானாள். செய்தி வாசிப்பவரின் மனைவி. இருபத்திரண்டு வருஷம் அவருக்குக் காலைக் கஞ்சி கொடுத்து அனுப்பியவள். இன்றைக்கு அவர் சாப்பிடாமல் வந்திருக்கிறார். வேறு செய்தி இல்லை."

நொராகோ அழுதார். இருபத்தாறு வருஷம் கழித்து, நாடே பார்க்க, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் எங்கள் பேட்டை டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு தம்ளர் கழுவினார், கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினார். யாரும் கூச்சப்படவில்லை. அழ வேண்டியதுதானே.

விளக்கு அணைந்ததும் கஃபான்டோ உள்ளே வந்தார். திட்டத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கண் சிவந்திருந்ததால் சரியாகத் திட்ட வரவில்லை.

"அக்கா, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன..."

"டைரக்டர்" என்று குறுக்கே வந்தார் நொராகோ. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "நாடு பூரா பார்த்தாச்சு. இனிமே இவதான் என் மருமகள். நான் போனா என் சட்டையைப் போட்டுக்க வேண்டியவ. அன்னிக்கு என் வீட்டு ஆளுங்க இவளை எங்கே வந்து தேடுவாங்க? இந்த நாற்காலியிலதான் தேடுவாங்க. இவ இங்க இல்லன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருவாங்க. ஆடு கோழியோட."

கஃபான்டோ கரீனைப் பார்த்தார், கரீன் தரையைப் பார்த்தாள். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வாரம் விருந்தாளி யாரு அக்கா?" என்று கேட்டார்.

அஸேத்தா தொப்பியைக் கழற்றி, தூசியைத் தட்டி, கிழவரின் தலையில் வைத்துச் சரி செய்தாள். அவர் தடியை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு நீல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா சாவுங்க மாமா" என்றாள். "எனக்கு இங்கே இன்னும் நிறைய வேலை இருக்கு."